பதினேழு விதிகளும் ஒரு நீலச் சட்டையும்

எதையும் தேதி போட்டு எழுதிவைப்பது நல்ல பழக்கம் என்று யாராவது சொன்னால் நான் பேச்சை மாற்றிவிடுவேன். அந்தப் பழக்கத்தால் ஒரு கல்யாணத்தையே நிறுத்தியவன் நான்.

1994. ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லில், ஆட்கள் வந்துபோகும் நேரத்தைப் பதியும் டைம் ஆபீசில் எனக்கு வேலை. அறைத் தோழன் காஜா, கடையநல்லூர்க்காரன், ஜவுளிக்கடையில் விற்பனையாளன். அறை ஒன்று, சட்டை மாட்ட ஆணி மூன்று (அதில் இரண்டு அவனுக்கு).

கேபிள் டிவி வந்த புதிது. வீட்டுக்காரர் வீட்டில் ஓர் ஆங்கிலத் தொடர் பார்த்தேன். ஒரே அறையில் தங்கும் இரண்டு பேர் ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். பின்னணியில் கூட்டமாகச் சிரித்தார்கள். எதற்கென்று நான் யோசிக்கவில்லை. அன்றைக்கே ஒரு நோட்டில் பதினேழு விதிகள் எழுதிவிட்டேன்.

"ஏலே, இது ரூமா, ஜெயிலா?" என்று சிரித்தபடி காஜா படிக்காமலே கையெழுத்துப் போட்டான். அவன் மீறியதையெல்லாம் தேதி, நேரத்தோடு அதே நோட்டில் பதிந்துவந்தேன்.

ஆகஸ்டில் ஸ்ரீவில்லிபுத்தூரில் அவனுக்குப் பெண் பார்த்தார்கள். போய்விட்டு வந்தவன் மூன்று நாள் தானாகச் சிரித்தான். "கட்டுனா இந்தப் பொண்ணத்தான் மாப்ள" என்றான்.

அடுத்த ஞாயிறு மதியம், அவன் கடைக்குப் போயிருந்தபோது, பெண்ணின் தகப்பனார் வந்தார். மாப்பிள்ளையைப் பற்றிக் கூடத் தங்கியிருப்பவனிடம் சொல்லாமல் வந்து விசாரிப்பது வழக்கம்தான்.

"பையன் எப்படி தம்பி? ஒளிக்காமச் சொல்லுங்க."

"தங்கமான பையன்" என்றால் முடிந்தது. (முடிப்பேனா நான்?) ஏப்ரலில் பதினான்கு மீறல்கள், ஜூலையில் ஐந்துதான், பையன் திருந்திவருகிறான் என்று ஆதாரத்தோடு காட்ட நோட்டை நீட்டினேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். எண்ணெய்த் தலையோடு என் தலையணையில் படுத்தது. தண்ணீர் பிடிக்கும் முறை வந்தபோது காய்ச்சல் என்று சொல்லிவிட்டு சினிமாவுக்குப் போனது. கடைசி வரியில் விரல் நின்றது: 'என் நீலச் சட்டை, கைக்கடிகாரம். கேட்காமல் எடுத்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் செல்ல.'

"அன்னைக்கு எங்க வீட்டுக்குப் போட்டு வந்தது ஒங்க சட்டையா?"

"ஆமாங்க. ஆனா தேச்சுத் திருப்பிக் குடுத்துட்டான்" என்றேன், அவனுக்குச் சாதகமாக.

"வாட்ச்சு?"

"அதுவும் என்னதுதான்."

"அப்ப மாப்ளையோடதுன்னு வந்தது என்னதான் தம்பி?"

வாங்கிவைத்த டீயைத் தொடாமலே கிளம்பிவிட்டார். இரண்டாம் நாள், வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினார்கள்.

காஜா அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். "ஒனக்கு என்னலே பண்ணேன் நான்?" என்று மட்டும் கேட்டான். பிறகு நோட்டை எடுத்தான். என் மீறல்களுக்கென்று நான் ஒதுக்கிய பக்கம் வெறுமையாகவே இருந்தது. அதில் என் பெயரை மட்டும் எழுதிவிட்டு மூடினான். முப்பது வருடமாகிறது; அந்தப் பக்கத்தை நான் திறக்கவில்லை.

1996இல் அவனுக்குத் தென்காசியில் கல்யாணம் நடந்தது. என்னை முதல் பந்தியில் உட்காரவைத்தான். இன்றும் பிள்ளைகளிடம், "மாமாகிட்ட அத்தாவப் பத்தி மட்டும் கேட்டுராதிய, உள்ளதச் சொல்லிப்புடுவாரு" என்பான். (அத்தா என்றால் அப்பா, அவன்தான்.) அவன் மனைவிதான் அதிகம் சிரிப்பார்.

என் மனைவி சிரிப்பதோடு விடுவதில்லை. எங்கள் தெருப் பையன் யாரையாவது கல்யாணத்துக்காக விசாரித்து ஆள் வந்தால் முந்திக்கொண்டு வாசலுக்குப் போய், "எங்க வீட்டுக்காரவிய ஊருல இல்லையே" என்று சொல்லிவிடுவாள். நான் அடுப்படியில், இருமலை அடக்கிக்கொண்டு நிற்பேன்.