கடை திறந்துதான் இருக்கிறது, மாப்பிள்ளை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, மாமா எழுதிக்கொண்டது.

இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். நீங்களும் பாப்பாவும் பேரக்குழந்தையும் சௌக்கியம் என்று வீடியோவில் பார்த்தே தெரிந்துகொண்டேன். ஆனாலும் கடிதம் என்றால் விசாரித்துத்தான் ஆகவேண்டும், விசாரித்துவிட்டேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். போனில் நான் ஆரம்பித்தால் நடுவில் குழந்தையைக் காட்டிவிடுகிறீர்கள், எனக்கு வந்த கோபமெல்லாம் போய்விடுகிறது. இந்தக் கோபம் எனக்குக் கொஞ்சம் வேண்டியிருக்கிறது.

போன தடவை நீங்கள் வந்திருந்தபோது, கடையில் கழற்றிப் போட்டிருந்த வாஷிங் மெஷின் டிரம்மின் மேல் உட்கார்ந்துகொண்டு சொன்னீர்கள், ஞாபகம் இருக்கிறதா? "மாமா, இனிமே யாரும் நெட்ல தேட மாட்டாங்க. ஏ.ஐ. கிட்ட கேப்பாங்க, அது பதிலச் சொல்லிடும். அவ்வளவுதான்." நானும் தலையாட்டினேன். நமக்கென்ன வந்தது, ஃபிரிட்ஜ் கெட்டுப்போனால் தேடுகிறவனும் நம்மிடம்தான் வரவேண்டும், கேட்கிறவனும் நம்மிடம்தான் வரவேண்டும் என்று மிதப்பாக இருந்துவிட்டேன். நீங்கள் சொன்னது அப்படியே பலித்துவிட்டது. எல்லாரும் அதனிடம் கேட்கிறார்கள். நான் கடையை மூடிவிட்டேன் என்று அது சொல்லிக்கொண்டிருக்கிறது.

முதலில் எனக்கு விஷயமே தெரியாது. கொஞ்ச நாளாகக் கடைப் போன் அடிக்கவில்லை. போன்தான் கெட்டுவிட்டது என்று அதைத் துடைத்து, தட்டி, உங்கள் அத்தையை வீட்டிலிருந்து கூப்பிடச் சொல்லிப் பார்த்தேன். கணீரென்று அடித்தது. எடுத்தால், "வரும்போது சோப்பு வாங்கிட்டு வாங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். அப்புறம்தான் எதிர்க்கடைத் தையல்காரர் வந்தார், கழுத்தில் டேப்பும் முகத்தில் துக்கமுமாக. "கடைய மூடிட்டீங்களாமே அண்ணே, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்றார். நான் அப்போது கம்ப்ரசரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஷட்டர் முழுசாகத் தூக்கியிருக்கிறது, விளக்கு எரிகிறது. "மூடின கடையிலயாய்யா நான் உக்காந்திருக்கேன்?" என்றேன். போனை என் முகத்துக்கு நேரே நீட்டி, "இதுல சொல்லுதே அண்ணே" என்றார். என்னை ஒரு தடவை பார்த்தார், போனை ஒரு தடவை பார்த்தார். போனைத்தான் நம்பினார்.

அதோடு விட்டதா? பள்ளிக்கூட டீச்சரம்மாவை உங்களுக்குத் தெரியும், அவர்கள் வீட்டு ஃபிரிட்ஜ் வாங்கின நாள் முதல் அதற்கு வைத்தியம் பார்ப்பது நான்தான். அவர் ஏ.ஐ.யிடம் கேட்டிருக்கிறார். நான் ஓய்வெடுக்கப் போய்விட்டேன் என்று அது சொல்லியிருக்கிறது. பாவம், மார்க்கெட் பக்கம் கடை வைத்திருக்கும் வேறொரு மெக்கானிக்கைக் கூப்பிட்டுவிட்டார். அவன் கழற்றுகிற வரைக்கும் கழற்றிவிட்டு, மாட்டத் தெரியாமல் எனக்குப் போன் போடுகிறான். "அண்ணே, நீங்க ரிட்டயர் ஆயிட்டீங்கன்னு கேள்விப்பட்டேன். சும்மாதான இருப்பீங்க, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்களேன்." போனேன் மாப்பிள்ளை, வேறு என்ன செய்வது. டீச்சரம்மா என்னைப் பார்த்ததும், "ஓய்வா இருக்கிற மனுஷனத் தொந்தரவு பண்றோமே" என்று கண் கலங்கிவிட்டார். நாற்காலி போட்டார், குனிய விடவில்லை. "ரெண்டு மாடி ஏறி வர இவ்ளோ நேரமா?" என்று போன தடவை என்னை வறுத்தெடுத்ததும் இதே டீச்சரம்மாதான்.

சரி, அதனிடமே நியாயம் கேட்டுவிடுவோம் என்று நானே என் போனில் தட்டினேன். நான்தான் கடைக்காரன், கடை திறந்திருக்கிறது என்றேன். உடனே அது, "மன்னிக்கவும், நீங்கள் சொல்வது முற்றிலும் சரி. உங்கள் கடை திறந்துதான் இருக்கிறது. தவறைச் சுட்டிக்காட்டியதற்கு மிக்க நன்றி" என்றது. இந்தத் தெருவில் என்னிடம் இவ்வளவு மரியாதையாக யாரும் பேசியதில்லை. மனசு இளகிப்போய்த் தெருவைத் தாண்டி ஓடி, "இப்பக் கேளுய்யா" என்று தையல்காரரிடம் சொன்னேன். கேட்டார். கடை மூடப்பட்டுவிட்டது என்று அது அவருக்குச் சொன்னது. என் போனில் மறுபடியும் முதலிலிருந்து கேட்டேன். என்னிடமே மூடியாகிவிட்டது என்று சொல்லி, பக்கத்தில் வேறு நல்ல மெக்கானிக் பார்த்துத் தரட்டுமா என்றும் கேட்டது. இதனிடம் எப்படிச் சண்டை போடுவது? கத்தினால் மன்னிப்புக் கேட்கிறது. மன்னித்துவிட்டுத் திரும்பினால் பழைய பல்லவியையே பாடுகிறது. எனக்குத் தெம்பு இல்லை மாப்பிள்ளை.

எங்கிருந்து இதைப் பிடித்தது என்று துருவிப் பார்த்தால், கடைக்கென்று நீங்கள் போட்டுக்கொடுத்த வலைப்பக்கம்தான். மேலே நீங்களும் பாப்பாவும் மாலையோடு நிற்கும் படம். கீழே, "மகள் திருமணத்தை முன்னிட்டுக் கடை மூடப்பட்டுள்ளது." தேதி கிடையாது. நம் வீட்டுக் கல்யாணம் எப்போது என்று ஊருக்கே தெரியும், எதற்குத் தேதி என்று இருந்துவிட்டோம். கல்யாணம் முடிந்ததும் எடுத்துவிடலாமா என்று கேட்டீர்கள். பாப்பா அதில் அழகாகச் சிரிக்கிறாள், இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன். இத்தனை காலமும் ஜனங்கள் அதே பக்கத்தைத் தேடிப் பிடித்துத்தான் எனக்குப் போன் செய்தார்கள். ஒருத்தராவது கடை மூடியிருக்கிறதா என்று கேட்டதில்லை. "கல்யாணம் நல்லபடியா நடந்துச்சா? பொண்ணு எங்க இருக்கா?" என்று விசாரித்துவிட்டு, அதற்கப்புறம்தான் "ஃபிரிட்ஜ்ல தண்ணி ஒழுகுதுங்க" என்பார்கள். எந்தக் கல்யாணமும் ஒரு நாள் முடிந்துவிடும் என்று மனுஷனுக்குத் தெரிகிறது. பழைய தேடல் இன்னின்ன இடம் இருக்கிறது, நீயே போய்ப் பார்த்துக்கொள் என்று காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். இது தானே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறது. அதுதான் பார்த்துவிட்டதே, நாம் வேறு எதற்குப் போகவேண்டும் என்று ஜனங்களும் இருந்துவிடுகிறார்கள். ஒன்றும் தெரியாதது என்று தள்ளிவிடவும் முடியவில்லை. வெளிநாட்டு மெஷின் ஒன்றில் எனக்கு வந்த சந்தேகத்தை நன்றாகவே தீர்த்துவைத்தது. அது எனக்கு இன்னும் எரிச்சல்.

ஆகவே மாப்பிள்ளை, இந்தக் கடிதம் கண்டதும் அந்த நோட்டீஸை எடுத்துவிடுங்கள். படத்தையும் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கல்யாண மாலை கட்டுகிற கடை என்று சொல்லித் தொலைக்கும். கடை திறந்திருக்கிறது என்று பெரிய எழுத்தில் போடுங்கள். பாப்பா கல்யாணத்தைத் தவிர எதற்கும் நான் மூடாத கடை இது. குழந்தை பிறந்தபோதுகூட உங்கள் அத்தையைத் தனியாகத்தான் அனுப்பிவைத்தேன். இதுவும் போய்விட்டால் காலையில் எழுந்து நான் எங்கே போவேன், என்னை யார் கூப்பிடுவார்கள்? எனக்குப் பயமாக இருக்கிறது, உங்களிடம் சொல்வதற்கென்ன.

பாப்பாவுக்கு என் ஆசிகள். குழந்தைக்கு இரண்டு கன்னத்திலும் என் சார்பில் நீங்களே முத்தம் கொடுத்துவிடுங்கள், உங்களுக்கு மீசை இல்லை, குத்தாது. வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, மூன்று பேரும் குறைவில்லாமல் இருக்கவேண்டும்.

இப்படிக்கு,
இன்னமும் கடை நடத்திக்கொண்டிருக்கும்
மாமா

பின்குறிப்பு: கடித உறையை ஒட்டுவதற்கு முன்னால் படித்துக் காட்டச் சொன்னாள் உங்கள் அத்தை. படித்தேன். சிரிப்பாள் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. "நானும் அதுகிட்ட கேட்டேன்" என்றாள். என்ன கேட்டாய் என்றேன். "நம்ம கடை பேரப் போட்டு, எப்ப மூடுவாங்கன்னு கேட்டேன். மூடியாச்சுன்னு சொல்லிச்சு. பொய்யின்னு தெரியும். இருந்தாலும் அந்தப் பதில் கேக்க நல்லா இருந்துச்சுங்க. அதனால தெனமும் கேட்டுக்கிட்டிருக்கேன்." மாப்பிள்ளை, இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் ஒரு தடவைகூட இதைக் கேட்டதில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நோட்டீஸை எடுக்கவேண்டாம், படமும் இருக்கட்டும். குழந்தை நடப்பதை வீடியோவில் பார்த்தது போதும், இரண்டு பேரும் புறப்பட்டு வருகிறோம். எத்தனை நாள் என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. கடை என்ன ஆயிற்று என்று இங்கே யாராவது ஏ.ஐ.யிடம் கேட்டால், இனிமேல் அது சரியாகத்தான் சொல்லும்.