சட்டைப்பைக்குள் போன நீல மிதவைகள்

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அக்கா நலம், என் மகள் நலம், என் மானம்தான் நேற்றிலிருந்து படுத்த படுக்கை. ஏரிக்கரையில் நீயே பார்த்தாய். மகளும் அவள் கூட்டாளிகளும் முங்கி முங்கி அந்த நைலான் வலையைக் கரையேற்றியதும், நான் பெரிய மனுஷன் மாதிரி முன்னால் போய், "எந்தப் படுபாவிடா இதை ஏரியில விட்டது? அவன் உருப்படுவானா?" என்று கத்தினேன். வாயை மூடுவதற்குள் மிதவை தெரிந்தது. நீலம். உன் அக்காவின் பழைய ரப்பர் செருப்பை நான் வட்டமாக வெட்ட, நீ உன் தையல் கடை ஊசியால் கோத்துக் கொடுத்தது.

மூன்று வருஷத்துக்கு முன் காணாமல் போன என் வலை! "உன் தம்பிதான் எடுத்திருப்பான்" என்று அன்று உன் அக்காவிடம் நான் சொல்லப்போய், நீ எங்கள் வாசல் பக்கமே வரவில்லை. வலையோ சும்மா இருக்கவில்லை. நான் வீட்டில் குறட்டை விட, அது ஆளில்லாமலே மீன் பிடித்து, அந்த மீன் செத்து அழுகி, அந்த வாடைக்கு நண்டு வந்து மாட்டி, நீர்க்காகம் மாட்டி, ஆமை மாட்டி, நைலானுக்கு மக்கவும் தெரியாமல் ஓயாமல் உழைத்திருக்கிறது. இப்படி உழைக்கிற ஆள் என் படகில் ஒருநாளும் இருந்ததில்லை. இதில் "ஏரியில மீனே இல்ல" என்று ஊரெல்லாம் புலம்பினவனும் நான்தான்.

"மாமா, ஆமை மாட்டிருக்கு, கத்தரிக்கோலோட வாங்க" என்று வலை கரையேறும் முன்பே என் மகள் போன் செய்ததும் கடையைப் பூட்டிவிட்டு ஓடி வந்தாயே! காகிதம் வெட்டக்கூட யாருக்கும் தராத கத்தரிக்கோலைச் சேற்றில் வைத்து, ஆமைக் கழுத்தில் கீறல் விழாமல் கண்ணி கண்ணியாக வெட்டினாய். அது திரும்பிக்கூடப் பார்க்காமல் போயிற்று. அதற்கும் சேர்த்து நானே நன்றி சொல்கிறேன். பிறகு அந்த மிதவைகளை நறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாய்.

"என்ன மாமா அது?"

"ஒண்ணுமில்லம்மா, குப்பை."

அந்தக் குப்பைக்கு நான் எப்படி நன்றி சொல்வேன்? வலை தானாக அறுந்து போயிருக்கிறது. உன் மேலும் தப்பில்லை, என் மேலும் தப்பில்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா.

நீயும் உன் கத்தரிக்கோலும் முனை மழுங்காமல் நீடூழி வாழ்க.

அன்புடன்,
அத்தான்

பின்குறிப்பு: 'தானாக அறுந்தது' என்பது பொய். அடையாளத்துக்கு மேலே மிதக்கும்படி கட்டிய டப்பா அவிழ்ந்து போய், வலை கிடக்கும் இடம் தெரியாமல் இரண்டு நாள் துழாவினேன். முடிச்சுப் போடத் தெரியாதவன் என்று உன் அக்கா சிரிப்பாளே என்றுதான் உன் தலையில் போட்டேன். இந்தக் கடித உறையை ஒட்டாமல் அவள் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன், படிக்கட்டும். நேற்று நீ பையைத் தட்டிக்கொண்டு நடந்தபோது தொண்டை வரை வந்து நின்றது: "அது தண்ணிக்குள்ளதான் கிடக்குன்னு எனக்கு அன்னிக்கே தெரியும், மச்சான்."