இருபத்துநாலு பிட் சமாதானம்

"தப்பு என்னோடதுதான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வச்சிடுங்க. அதுக்கு மேல ஒண்ணும் பேச வேண்டாம்" என்று சொல்லித்தான் மனைவி போனைக் கையில் கொடுத்தாள்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் தலையாட்டினார். அவள் தம்பி, அதாவது இவருடைய மச்சான், எடுத்ததும், "மாப்ளே, அன்னிக்கு நான் பேசினது தப்பு" என்று ஒழுங்காகத்தான் ஆரம்பித்தார்.

"பரவாயில்ல மாமா, விடுங்க."

அதோடு வைத்திருக்கலாம். ஆனால் மனுஷருக்கு வாய் சும்மா இருக்குமா?

"ஆனா ஒண்ணு. அந்த ரெண்டு டிஸ்க்கும் ஒண்ணு இல்ல மாப்ளே. பிட்டுன்னா என்னன்னு நான் உனக்குச் சரியா விளக்காம விட்டுட்டேன். அதைத்தான் தப்புன்னு சொன்னேன்."

மறுமுனை கட்டாகிவிட்டது.

மூன்று வருடப் பகை இது. அவருக்கு உயிரான பழைய பாட்டு டிஸ்க் ஒன்று, '24 பிட் ரீமாஸ்டர்' என்று அட்டையில் பொன்னெழுத்துப் போட்டுப் புதிதாக வந்திருந்தது. மச்சானையும் அவனுடைய புதுப் பெண்டாட்டியையும் விருந்துக்குக் கூப்பிட்ட அன்று, பழசையும் புதுசையும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார். கடையில் லென்ஸ் மாற்றிக் கேட்கிற அதே பழக்கம்: "இது தெளிவா? அது தெளிவா?"

"ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு மாமா" என்றான் மச்சான். அவன் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். மனதில் பட்டதைச் சொல்கிறவன்.

"விசில் ஊதி ஊதி உன் காது அவிஞ்சு போச்சு. உனக்கெல்லாம் பாட்டு ஒரு கேடா?" என்றார் இவர். புதுப் பெண்டாட்டி களுக்கென்று சிரித்துவிட்டாள். மச்சான் பாதிச் சாப்பாட்டில் கை கழுவிக்கொண்டு போனவன்தான். அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை.

இப்போது அவனுக்குத் தூரத்து ஊருக்கு மாற்றல். ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறான்.

"எனக்குக் கூடப் பொறந்தவன் அவன் ஒருத்தன்தான். ஊரை விட்டுப் போறதுக்குள்ள ஒரு வேளை நம்ம வீட்ல வந்து சாப்பிடணும். வேற எதுவும் உங்ககிட்ட நான் கேக்கல" என்றாள் மனைவி.

போனில் கெட்டதை நேரில் சரி செய்துவிடலாம் என்று அன்று மாலையே மச்சான் வீட்டுக்குக் கிளம்பினார். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு டிஸ்க்கையும் பையில் போட்டுக்கொண்டார்.

வீடு முழுக்க அட்டைப்பெட்டிகள். மச்சான் பழசை மனதில் வைத்துக்கொள்ளாமல் நாற்காலியை இழுத்துப் போட்டான். "நாளைக்கு ராத்திரி நாங்க சாப்பிட வர்றோம் மாமா. அக்காகிட்ட சொல்லிடுங்க."

காரியம் முடிந்தது. எழுந்து வந்திருக்க வேண்டியதுதானே?

"அதுக்கு முன்னாடி ஒரே ஒரு பாட்டு" என்றார். "பதினாறு பிட்டுல சத்தத்தை அளக்கிறதுக்குப் படி கம்மி. இருபத்துநாலுல படி ரொம்பப் பொடிசு. பாடுறவங்க மூச்சு விடுறதுகூட அதுல தங்கிடும். அதுல திருத்தி எடுத்ததாக்கும் இது."

"பாட்டு கேக்கப் படி எதுக்கு மாமா? பிளேயரைக் கட்டி வச்சாச்சு."

"நான் பிரிச்சுக்கிறேன்."

பிரித்தார். பெட்டி மாறிப் பிரித்ததில், மச்சான் வாழ்நாளில் வாங்கிய ஒரே வெற்றிக் கோப்பை கீழே விழுந்து அதன் காது கழன்று வந்தது. மச்சான் பல்லைக் கடித்துக்கொண்டு அதைப் பொறுக்கினான். இவர் அதற்குள் அடுத்த பெட்டியில் பிளேயரைக் கண்டுபிடித்திருந்தார்.

முதலில் ஒன்று ஓடியது. அப்புறம் மற்றொன்று. இரண்டாவது ஓடும்போது இவர் கண்ணை மூடிச் சொக்கிப்போய், "கேளு, அந்த மூச்சைக் கேளு" என்றார்.

"ஆமா மாமா" என்றான் மச்சான், எப்படியாவது இவரைக் கிளப்பிவிட வேண்டும் என்று. "ரெண்டாவதுதான் தெளிவு. தோத்துட்டேன், ஒத்துக்கிறேன்."

மூன்று வருடமாக ஏங்கிய வார்த்தை. பூரித்துப்போய் டிஸ்க்கை வெளியே எடுத்தார். எடுத்துப் பார்த்தால் அது ஓரத்தில் கீறல் விழுந்த பழைய டிஸ்க்.

வேறொருவராக இருந்தால் அசடு வழிந்திருப்பார். இவருக்குக் கோபம்தான் வந்தது. "என்னை ஏமாத்திப் பாக்குறியா? சின்னக் குழந்தைக்குச் சொல்ற மாதிரி சும்மா ஆமாம் போடுறியா?"

"நெஜத்தைச் சொன்னாலும் திட்டுறீங்க, பொய் சொன்னாலும் திட்டுறீங்க. நான் என்னதான் மாமா பண்றது?" மச்சான் குரலை உயர்த்தவில்லை. "நாளைக்கு நாங்க வரல. அக்காவை ஸ்டேஷன்ல பாத்துக்கிறேன். நீங்க வர வேண்டாம்."

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது மனைவி திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவளோ நாளைக்கென்று எடுத்து வைத்திருந்த நல்ல தட்டுகளை ஒவ்வொன்றாகத் திரும்ப அலமாரியில் அடுக்கினாள். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவருக்கு வெட்கமாக இருந்தது. ஒரு பாட்டுக்காக அவளுடைய ஒரே தம்பியைத் தொலைத்துவிட்டோமே என்று முதல் தடவையாக உறைத்தது.

மறுநாள் காலை அவர் ஒரு முடிவுக்கு வந்தார். மச்சானுக்கு அதே ரீமாஸ்டர் டிஸ்க்கில் ஒன்று வாங்கி, பிட்டைப் பற்றி வாயே திறக்காமல் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடுவது. என்றைக்காவது தனியாக உட்கார்ந்து கேட்டால் அவனுக்கே வித்தியாசம் புரியும், கோபமும் ஆறிவிடும்.

அடையாளம் காட்டத் தன் டிஸ்க்கை அட்டையோடு எடுத்துக்கொண்டு, அதை வாங்கிய கடைக்கே போனார். "இதே மாதிரி இன்னொண்ணு வேணும். எங்க மச்சானுக்கு."

டிஸ்க் கடைக்காரர் அதை அட்டையிலிருந்து வெளியே எடுத்து, ஓரத்தில் இருந்த எண்ணைப் பார்த்தார். பிறகு கண்ணாடிக்காரரைப் பார்த்தார்.

"இது இன்னுமா சார் உங்ககிட்ட இருக்கு? அந்தத் தடவை கம்பெனியில புது அட்டைக்குள்ள பழைய டிஸ்க்கையே தப்பா வச்சு அனுப்பிட்டாங்க. வாங்கினவங்க எல்லாரும் வித்தியாசமே இல்லையேன்னு மறுநாளே திருப்பிக் கொடுத்துட்டாங்க; நீங்க ஒருத்தர்தான் போன் பண்ணி, பிரமாதமா இருக்குன்னு சொன்னீங்க."