ஐந்தடி ஆறங்குலக் குழி

என்றும் அன்பு குறையாத அக்காவுக்கு, உன் தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் வீட்டில் உள்ளவர்களும் சுகம். அங்கு நீயும் அத்தானும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். அத்தானின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? இங்கு சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர, என் சுகத்துக்குச் சனிக்கிழமை வரைக்கும்தான் உத்தரவாதம். அதனால் வெள்ளிக்கிழமை சாயங்கால வண்டியில் அங்கே வந்துவிடலாம் என்று இருக்கிறேன். மாடி அறையில் அத்தான் அடுக்கி வைத்திருக்கும் பழைய பேப்பர் கட்டுகளை மட்டும் எடுத்துவிடு. என் பெட்டி கட்டிலுக்கடியில் தயாராக இருக்கிறது. நீ பதறாதே, நானும் பதறவில்லை. நடந்ததை நிதானமாகச் சொல்கிறேன்.

"ஒண்டிக்கட்டையா இன்னும் எத்தனை நாளுடா" என்று நீ பிடித்த பிடியில்தான் நாலு மாதத்துக்கு முன்னால் இந்தக் கல்யாணம் நடந்தது. அதில் உன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. உன் தம்பி மனைவி தங்கமானவள். தையல் கம்பெனியில் நாற்பது பேரை மேய்த்துவிட்டு வந்தும் வீட்டில் ஒரு நாள்கூடக் குரலை உயர்த்தியதில்லை. பிரச்சினை அவள் மகள். எட்டு வயது. குட்டி என்று கூப்பிடுகிறோம். கண்ணிமைக்கிற பழக்கம் அந்தப் பிள்ளைக்கு அவ்வளவாக இல்லை. என்னை ‘சார்’ என்பாள். அவளுடைய அப்பா மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் வேலை செய்த இடத்தில், உட்கார்ந்த நாற்காலியிலேயே போய்ச் சேர்ந்தார் என்பது உனக்கே தெரியும். நல்ல திடமான ஆள் என்று எல்லாரும் சொன்னார்கள். அவர் தானாகத்தான் போனாரா என்பதிலேயே இப்போது எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் அம்மாவுக்குக் கம்பெனியில் அவசர வேலை என்பதால் குட்டியை என்னோடு வேலைக்குக் கூட்டிப்போனேன். என் வேலை தெரியுமே, இன்சூரன்ஸ் கம்பெனிக்காக இடிந்தது, எரிந்தது, நனைந்தது எல்லாவற்றையும் அளந்து சேத மதிப்பீடு எழுதுவது. அன்று ஒரு வீட்டில் சுவர் விழுந்திருந்தது. நான் வழக்கம்போல மிச்சச் சுவர்களை நாணயத்தால் தட்டி, காதை வைத்துக் கேட்டு, தேறாததற்குச் சாக்பீஸால் பெருக்கல் குறியும் தேறுவதற்கு வட்டமும் போட்டுக்கொண்டிருந்தேன். குட்டி விழுந்த சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "சார், இது விழறதுக்கு முன்னாடி யாரும் தட்டிப் பாக்கலையா?" என்றாள். "விழுந்தப்புறம்தான் எங்களைக் கூப்பிடுவாங்க. ஆள் உயரத்துக்கு அஸ்திவாரம் போட்டிருந்தா விழுந்தே இருக்காது" என்று நானும் பெரிய மேதாவி மாதிரி சொல்லி வைத்தேன். அன்றைக்கு இடிபாட்டைப் பார்த்து ருசி கண்டுவிட்டாள் அக்கா. மறுநாளே ஆரம்பித்துவிட்டாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து சற்றுக் கண்ணயர்வது என் வழக்கம். விழித்துப் பார்த்தால் தலைமாட்டில், பள்ளிக்கூடத்திலிருந்து சாப்பிட வந்த குட்டி. கையில் நூல். என் உச்சியிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் பிடித்து, முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கிறாள். "அசையாதீங்க சார், அளவு தப்பிடும்" என்கிறாள். அதற்கடுத்த வாரம் என் நெஞ்சின் மேல் ஸ்கேலால் டொக் டொக்கென்று தட்டி, காதை வைத்துக் கேட்டு, "இடது பக்கம் சரியில்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். மனைவியிடம் சொன்னால், "சின்னப் பிள்ளை விளையாடுது, நீங்க பாட்டுக்குப் படுத்திருங்க" என்கிறாள். நான் பாட்டுக்குப் படுத்திருப்பதைத்தானே அந்தப் பிள்ளையும் எதிர்பார்க்கிறது! பிறகு பெருக்கல் குறிகள் வந்தன. முதலில் என் செருப்பில். பிறகு நான் ஏறி நின்று பல்பு மாற்றும் ஸ்டூலில். போன திங்கட்கிழமை அலுவலகத்தில் மேலாளர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "என்ன சார், உங்களைத் தள்ளுபடி பண்ணிட்டாங்களா?" என்று சிரித்தார். குனிந்து பார்த்தால் சட்டைப் பையின் மேல், இதயத்துக்கு நேராக, அழகான ஒரு பெருக்கல் குறி. குறி பார்த்து வைத்திருக்கிறாள் என்று நினைத்து, அன்று முழுக்க அந்தப் பையை ஃபைலால் மறைத்துக்கொண்டே நடந்தேன்.

இதெல்லாம்கூடப் போகட்டும் என்று விட்டிருப்பேன். கொல்லைப்புறத்தில் துணி காயப்போடும் கொடிக்குக் கீழே ஒரு குழி இருக்கிறது. குட்டி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பழைய கரண்டியால் தோண்டுகிறாள். இருபத்திரண்டு வருஷமாக ஊரார் வீட்டுச் சேதத்தை அளந்தவன் சும்மா இருப்பேனா, டேப்பை எடுத்துக்கொண்டு போய் மூன்று நாள் தொடர்ந்து அளந்தேன். ஒரு நாளைக்கு ஓர் அங்குலம் நீள்கிறது. இன்று புதன்கிழமை, ஐந்தடி மூன்று அங்குலம். நான் ஐந்தடி ஆறு. கணக்குப் போட்டால் சனிக்கிழமை சாயங்காலம் சரியாக முடிகிறது. ஆழம் ஒரு சாண்தான், இது என்னை மூடாது என்று முதலில் தைரியமாக இருந்தேன். அகலமும் ஒன்றரை அடிதான். ஆனால் நான் ஒருக்களித்துத்தான் படுப்பேன், அதையும் அவள் பார்த்து வைத்திருக்கிறாள்.

ஆகவே அக்கா, இந்த வயதில் எட்டு வயதுப் பிள்ளைக்குப் பயந்து ஓடி வருகிறான் என்று அத்தான் சிரித்தால் சிரிக்கட்டும். உண்மையைச் சொன்னால் எனக்குப் போக மனசில்லை. நாலு மாதமாகத்தான் வீட்டுக்குள் நுழையும்போது விளக்கு எரிகிறது, யாரோ ஒருவர் "வந்துட்டீங்களா" என்று கேட்கிறார்கள். அதை விட்டுவிட்டுத்தான் வருகிறேன். என்ன செய்வது, கேட்பதற்கு நான் உயிரோடு இருக்க வேண்டுமே. பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும் பிள்ளைகளுக்கு என் ஆசிகளையும் சொல்லவும். சனிக்கிழமைக்குப் பிறகும் அவை செல்லும் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
வெள்ளிக்கிழமை வந்து சேரும்
உன் தம்பி

பின்குறிப்பு: பேப்பர் கட்டுகளை எடுக்க வேண்டாம், அவை அங்கேயே இருக்கட்டும். இந்தக் கடிதத்தைப் போட உறை தேடி என் அலுவலகப் பையைத் துழாவியபோது, எங்கள் சேத மதிப்பீட்டுப் படிவம் ஒன்று கையில் வந்தது. பென்சிலால் நிரப்பியிருந்தது, குட்டியின் கையெழுத்து. பொருளின் பெயர்: அப்பா (இரண்டாவது). விரிசல்: நெற்றியில் மூன்று. ஓசை: இடது பக்கம் சரியில்லை, புகை வாசனை. ஆபத்து: செருப்பு தேய்ந்து வழுக்குகிறது, ஸ்டூல் ஆடுகிறது, சட்டைப் பையில் சிகரெட். (ஆமாம் அக்கா, விட்டுவிட்டேன் என்று உன்னிடம் சொன்னது பொய். இனிமேல் நிஜம்.) முந்தைய சேதம்: அப்பா (முதல்). மத்தியானம் விழுந்தது. யாரும் முன்னாடி தட்டிப் பார்க்கவில்லை. தடுப்பு நடவடிக்கை: ஆள் உயரத்துக்கு அஸ்திவாரம். ஆழமாகத் தோண்டினால் கல் வருகிறது, அதனால் நீளமாக.

கடைசியில் ‘உரிமையாளர் கோருவது: இழப்பீடு / பொருள்’ என்று ஒரு வரி இருக்கும். இத்தனை வருஷத்தில் அதில் எல்லாரும் இழப்பீட்டைத்தான் கேட்டிருக்கிறார்கள். குட்டி அதற்குப் பெருக்கல் போட்டு, ‘பொருள்’ என்பதற்கு வட்டம் போட்டிருந்தாள். உரிமையாளர் என்ற இடத்தில் அவள் கையெழுத்து. கட்டிலில் உட்கார்ந்து நன்றாக அழுதேன்.

பிறகு பெட்டியைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் வைத்துவிட்டு, இன்னொரு கரண்டி எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். இரண்டு பேருமாக மிச்ச மூன்று அங்குலத்தையும் அரை மணியில் முடித்துவிட்டோம். "படுத்துப் பாருங்க சார், அளவு சரியா இருக்கான்னு" என்றாள். ஒருக்களித்துப் படுத்தேன். அச்சாகப் பொருந்தியது. "மண்ணு தள்ளி உறுதி பண்ணட்டுமா?" என்று அவள் இரண்டு கை மண்ணை என் மேல் போட்ட நேரத்தில் உன் தம்பி மனைவி வேலை முடிந்து உள்ளே வந்தாள். நாலு மாதத்தில் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள்.

அடுத்த மாதம் நாங்கள் மூன்று பேருமாக அங்கே வருகிறோம். அத்தானின் முழங்காலைப் பற்றி வாய்தவறிச் சொல்லிவிட்டேன், குட்டி என்னிடம் புதுப் படிவம் ஒன்று வாங்கி வைத்திருக்கிறாள்.