கொளஞ்சியப்பனை விட்டுப் பிரிந்த சாட்சி

சிறுவாச்சூர்,
பெரம்பலூர் மாவட்டம்.

நம் சபை மாத இதழின் ஆசிரியர் ஐயா அவர்களுக்கு, கர்த்தருடைய நாமத்தில் சின்னதுரை எழுதிக்கொள்ளும் தோத்திரம். நானும் என் மனைவி அமிர்தவல்லியும் சுகம். தாங்களும் வீட்டில் அம்மாவும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம்.

கீழ்க்கண்ட சாட்சியை முதல் பக்கத்தில் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். பதினாறு வருஷமாக மக்காச்சோளம் அடிக்கிற மிஷின் என்னுடையது, அதை இழுத்து ஓட்டுகிற டிராக்டர் கொளஞ்சியப்பனுடையது. ஒன்றில்லாமல் மற்றதற்குப் பிழைப்பில்லை. அவன் மாரியம்மனைக் கும்பிடுகிறவன். போன மாதம் போதகர், விசுவாசி அவிசுவாசியோடு ஒரே நுகத்தில் பூட்டப்படக் கூடாது என்று பிரசங்கித்தார். நூறு பேர் கேட்டோம். அன்று சாயங்காலமே கைக்கொண்டவன் நான் ஒருவன்தான்; பெருமைக்காகச் சொல்லவில்லை, ஆனால் அச்சில் வர வேண்டும். நேரே போய், "இனிமே நம்ம கூட்டு வேணாம் கொளஞ்சி, வேதத்துல அப்படித்தான் இருக்கு" என்றேன். சண்டைக்கு வருவான், நான் பொறுமையாக இருந்து காட்டலாம் என்று நினைத்திருந்தேன். அவனோ, "வேதத்துலயே போட்டிருக்கா? அப்ப சரிதான்" என்று சொல்லி, மிஷினை என் வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, கிரீஸும் போட்டுவிட்டுப் போனான்.

மறுநாளே விசுவாசியான சகோதரர் பிரசாத்தின் டிராக்டரோடு சேர்ந்தேன். அவர் ஒவ்வொரு களத்திலும் இன்ஜினைப் போடுமுன் முக்கால் மணி நேரம் ஜெபிப்பார், அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, ஆனால் அவர் ஆமென் சொல்வதற்குள் வேலைக்கு வந்த பொம்பளைங்க டீ குடிக்கப் போய்விடுவார்கள், அவர்கள் திரும்பும்போது இவர் பாட்டுப் பாடிக்கொண்டிருப்பார், செவ்வாய் வீட்டுக் கூட்டம், வெள்ளி உபவாசம், ஞாயிறு ஆராதனை போக மிச்ச நாளில் டிராக்டர் வொர்க்‌ஷாப்பில், அதுவும் போகட்டும் என்றால் முந்தாநாள் கண்ணை மூடிக்கொண்டே ரிவர்ஸ் எடுத்து என் மிஷினை வாய்க்காலில் இறக்கி, "சாத்தானோட வேலை பிரதர்" என்றார், ஊர்க்காரங்க வேற மிஷினைக் கூப்பிட்டுட்டாங்க, என் சொந்த மூணு ஏக்கர் கதிர் களத்துல குவிஞ்சு கிடக்கு, வானம் கருக்குது, அமிர்தவல்லி என்கிட்ட பேசி நாலு நாளாச்சு.

ஆனாலும் நான் அசரவில்லை ஐயா. என் விசுவாசத்தை நினைத்தால் எனக்கே பெருமையாக இருக்கிறது. களத்தில் அவனில்லாமல் நிற்பது கை ஒடிந்த மாதிரி இருப்பது உண்மைதான். அதை மட்டும் அச்சில் போட வேண்டாம்.

தங்கள் ஊழியமும் பிள்ளைகுட்டிகளும் பெருகி வாழ ஆசீர்வாதத்தை வேண்டும்,
விசுவாசத்தில் உறுதியான
சா. சின்னதுரை

பி.கு.: கவரை ஒட்டுமுன் இடி இடித்தது. பெருமையை வீட்டில் வைத்துவிட்டுக் கொளஞ்சியப்பனிடம் ஓடினேன். சாப்பாட்டில் இருந்தவன் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தான். வாய்க்காலில் கிடந்த மிஷினை இழுத்துப் பூட்டி, மழை இறங்குமுன் அத்தனையும் அடித்து, தார்ப்பாய் போட்டு மூடினான். "மறுபடி கூட்டு சேந்துக்கலாம்டா" என்றேன். "அதெப்படி? வேணாம்னு எழுதியிருக்குன்னியே. ஆபத்துன்னா கூப்புடு, வரேன். கூட்டுக்கு மட்டும் வரமாட்டேன். நீ சாமி குத்தம் பண்ணிக்காத" என்கிறான். அழுதுகூடப் பார்த்துவிட்டேன், மசியவில்லை. போதகர் வந்து இரண்டு வார்த்தை சொன்னால் ஒருவேளை கேட்பான். எங்கள் ஊரில் அந்தப் பிரசங்கத்தை இம்மி பிசகாமல் கைக்கொள்கிறவன் இப்போது அவன் ஒருத்தன்தான். ஆகையால் மேற்படி சாட்சியைக் கொளஞ்சியப்பன் பெயரிலேயே போட்டுவிடுங்கள்.