‘இந்தாங்க’ குழு

மானியம் வாங்கித் தெருவுக்கு ஒரு தர்மக் குழு அமைத்தே தீருவது என்று பேரப்புலி அன்று காலையில் முடிவெடுத்தார்.

பேரப்புலி அவர் பெயரல்ல, ஊர் கொடுத்த பட்டம். பழைய சாமான் கடைக்காரர். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, மூட்டை தூக்கி, திட்டு வாங்கி, பிறகு திட்டவும் கற்று மேலே வந்தவர். யாராவது நூறு சொன்னால் மூக்கு சிவக்கும். ஐம்பதுக்கு முடித்த பிறகுதான் அது பழைய நிறத்துக்கு வரும். அப்படி அடித்துப் பேசி வாங்கியவற்றில் விற்க மனம் வராதவை எல்லாம் வீட்டுப் பின்னறையில் கூரையைத் தொட்டு நின்றன. அந்த அறையில் ஒரு ஜன்னல் உண்டு என்று மனைவி சொல்வாள். அவர் பார்த்ததில்லை.

“அந்த ரூமைக் காலி பண்ணிக் குடுங்க, தையல் மெஷின் போடணும்” என்று பத்தொன்பது வருஷமாகக் கேட்கிறாள்.

“அதெல்லாம் சாமான் இல்லம்மா, நான் ஜெயிச்ச கோப்பைங்க!” என்று பத்தொன்பது வருஷமாகப் பதில்.

அன்று காலை அவருடைய டீ டம்ளருக்கு அடியில் எப்படியோ ஓர் அறிவிப்புத் தாள் கிடந்தது. இல்லாதவர்களுக்குப் பொருள்களை இலவசமாக இரவல் கொடுக்கும் தெருக்குழுக்களுக்கு ஓர் அறக்கட்டளை மானியம் தருகிறதாம்.

“ஏம்மா! மானியம் வாங்கப் போறேன்!”

“வாங்குங்க. மானம் போகாம வாங்குங்க.”

“தலைவர் நான். செயலாளர் நீ.”

“செயலெல்லாம் எனக்கு, தலை மட்டும் உங்களுக்கா?”

“சரி, போனாப் போகுது. கையெழுத்துப் போடற அதிகாரத்தையும் நீயே வச்சுக்க. குழு பேரு என்ன தெரியுமா? ‘இந்தாங்க’ குழு!”

வாசலில் நின்ற எதிர்வீட்டு எலெக்ட்ரீஷியனுக்கு இது காதில் விழுந்துவிட்டது. “இந்தாங்கவா? அண்ணே, அந்த வார்த்தையை உங்க வாயிலேர்ந்து இப்பத்தான் முதல் தடவையா கேக்கறேன். ஒரு ஸ்க்ரூ கேட்டா ஒம்பது கேள்வி கேக்கற ஆளு நீங்க. உங்களை நம்பி எவன் குடுப்பான்?”

மூக்கு சிவந்தது. இனி மானியம் வாங்காவிட்டால் தெருவில் தலை காட்ட முடியாது.

விண்ணப்பத்தை மனைவி எழுத, அவர் நடந்துகொண்டே சொன்னார். முதல் சிக்கல், ‘குழுவிடம் ஏற்கெனவே உள்ள பொருள்கள்’ என்ற கேள்வி.

“பின்னறையில இருக்கறதை எழுது. ஃபேன் பதினாலு.”

“ஆறு போதுங்க. நம்ப மாட்டாங்க.”

“ஆறா? எவ்வளவு கூட்டிச் சொல்றோமோ அவ்வளவு மதிப்பு! பதினாலு! ஏணி மூணு, கட்டில் அஞ்சு…”

“கட்டில் வேணாங்க, ரெண்டு மட்டும்…”

“அஞ்சு!” அவள் ஒன்றைக் குறைக்க, அவர் இரண்டைக் கூட்டினார். பதினாறு வரிகள் நிறைந்தன.

“உங்க சாய்வு நாற்காலியை மட்டும் விட்டுடலாங்க. நீங்க உட்கார்றது.”

“அதுதாண்டி அசல் தேக்கு! பதினேழாவதா அதைப் போடு!”

“வேணாங்க…”

“போடுன்னா போடு!”

அவள் பெருமூச்சு விட்டு எழுதினாள். பேரத்தில் எதிராளி பெருமூச்சு விட்டால் நாம் ஜெயித்தோம் என்று அர்த்தம். அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை.

“இரவல் விதி என்ன எழுதட்டும்?”

“ஏழே நாள்! செயலாளர் கையெழுத்து இல்லாம ஊசி கூட வெளியே போகக் கூடாது. தலைவரா இருந்தாலும் சரி!”

“தலைவருக்குமா?”

“தலைவருக்கும்தான்! நேர்மைன்னா என்னன்னு அவங்க பார்க்கட்டும்!”

அடுத்த வாரம் அறக்கட்டளையிலிருந்து ஓர் அம்மா வந்தார். பின்னறையை எட்டிப் பார்த்துத் தும்மினார். “ஏன் இந்தக் குழு?” என்று கேட்டார்.

மூன்று நாளாக ஒத்திகை பார்த்த பேச்செல்லாம் அவருக்கு மறந்துபோனது. “ஒரு ஏணிக்காகம்மா” என்றார். “பதினெட்டு வயசுல ஒரு வீட்டுக்கு வெள்ளையடிக்கிற வேலை கிடைச்சுது. ஏணி இல்ல. தெரு முழுக்கக் கேட்டேன். பன்னெண்டு வீட்டுல ஏணி இருந்துச்சு. குடுக்கத்தான் ஆளில்ல. வேலை வேற ஒருத்தனுக்குப் போயிடுச்சு.”

தண்ணீர் கொண்டுவந்த மனைவி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அவளிடமும் சொல்லாத கதை அது.

அந்த அம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். “நீங்க கேட்டது முழுசும் தர்றோம்.”

“முழுசுமா? குறைச்சுக் கேட்கவே மாட்டீங்களா?”

“நன்றி சொல்லுங்க” என்று மனைவி முழங்கையில் கிள்ளினாள்.

மானியத்தில் தெருமுனையில் ஓர் அறை பிடித்தார்கள், பெயர்ப்பலகை மாட்டினார்கள். திறப்பு நாளன்று வீட்டு வாசலில் லாரி வந்து நின்றது. கட்டில் போயிற்று, ஃபேன் போயிற்று. தெருவே வேடிக்கை பார்த்தது. கடைசியில் இரண்டு பேர் சாய்வு நாற்காலியைத் தூக்கினார்கள்.

“யோவ்! அதைக் கீழே வைய்யா!”

“பதினேழாவது” என்றார் அந்த அம்மா, பட்டியலைப் பார்த்து. “குழுவோட சொத்துன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. தன்னோட நாற்காலியையே குடுத்திருக்கார், எல்லாரும் கை தட்டுங்க!”

முதலில் தட்டியவர் எலெக்ட்ரீஷியன். “அண்ணே, மன்னிச்சுக்குங்க. நீங்க பெரிய மனுஷன்!”

இந்த நிலைமையில் எந்த மனிதன் நாற்காலியைத் திருப்பிக் கேட்பான்? பேரப்புலி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். அதைவிட நிமிர்ந்தது, முதல் ஆளாக வந்த இளம் பெயிண்டர் ஒருவர் ஏணியைக் கேட்டபோது. “இந்தாங்க” என்றார். வாய் கோணவில்லை, மூக்கு சிவக்கவில்லை. அவருக்கே ஆச்சரியம்.

கால் வலிக்க வீட்டுக்கு வந்தார். உட்கார இடம் தேடினார். பின்னறைக்குப் போனார். ஜன்னல் இருந்தது. ஜன்னலோரம் தையல் மெஷின். மெஷினில் மனைவி.

“ஏம்மா… என் நாற்காலி…”

அவள் மிதிப்பதை நிறுத்தாமலே இழுப்பறையிலிருந்து ஒரு தாளை நீட்டினாள். “இந்தாங்க.”

இரவல் விண்ணப்பம்.

“என் நாற்காலிக்கு நானே எழுதணுமா?”

“தலைவரா இருந்தாலும் சரி. நீங்க சொன்னதுதானே? ஏழு நாள்.”

ஊரில் பேரத்தில் தோற்றே அறியாதவர். தொண்டையைச் செருமினார்.

“ஏழெல்லாம் கட்டாது. பத்து நாளா குடு.”

“ஆறு” என்றாள் செயலாளர்.