ஒன்பதாம் நம்பர் தோட்டா

உலக வரலாற்றில் ஒரு காட்டுப்பன்றிக்கு எதிராகத் தலைவர், துணைத்தலைவர், செயலாளர், இரண்டு கணக்காய்வாளர்கள் சகிதம் போர் தொடுத்த பெருமை கேமரன் மலைக்கு மட்டுமே உண்டு. மற்ற ஊர்களில் பன்றியைச் சுடுவார்கள். இங்கே முதலில் தீர்மானம் போடுவார்கள்.

இந்தப் பெருமைக்கெல்லாம் மூலகாரணம் நவமணி. ரிங்லெட் ஊருக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து எல்லையை ஒட்டி அவளுக்கு ஒரு துண்டு நிலம். வெளியே சர்க்கரைவள்ளி. பிளாஸ்டிக் கூடாரத்துக்குள்ளே தக்காளி. கிழங்கைப் பன்றி முடித்துவிட்டது. அடுத்தது தக்காளிதான். இன்னும் ஒரு வாரத்தில் பழுத்துவிடும். அவளுக்கு இந்த வருஷமே அந்தத் தக்காளிதான்.

"யாராச்சும் சுட்டுக் குடுங்கண்ணே" என்றுதான் அவள் கேட்டாள். 'வனவிலங்கு ஊடுருவல் தடுப்பு நடவடிக்கைக் குழு' பிறந்துவிட்டது.

தலைவர் யோகேந்திரன், அரசாங்க அலுவலகம் ஒன்றில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வட்டாரத்திலேயே லைசென்ஸ் உள்ள இரட்டைக்குழல் துப்பாக்கி அவரிடம்தான் இருந்தது. அதைக் கொண்டு அவர் இதுவரை எதையும் சுட்டதில்லை. எண்ணெய் போட்டுத் துடைத்துப் படம் எடுத்துக்கொண்டதுண்டு.

தோட்டத்து மண்டபத்தில் அவசரக் கூட்டம். மேசைமேல், ஈப்போவிலிருந்து வந்த மூன்று தோட்டாப் பெட்டிகள். செயலாளர் சுகுமாரன் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார்.

"இது ஒம்பதாம் நம்பர். இது நாலாம் நம்பர். இதுல நம்பரே காணோம் தலைவரே, வெறும் எஸ்.ஜி.ன்னு போட்டிருக்கான்."

"நம்பர் இல்லாத லோரிய ரோட்ல விடுவானா? அத ஓரமா வை."

"ஒம்பதுக்கும் நாலுக்கும் என்ன வித்தியாசம் தலைவரே?"

தலைவர் கருணையோடு சிரித்தார். "கவுர்மெண்டுல கிரேட் ஒண்ணு யாரு? ஃபைலு தூக்குறவன். கிரேட் ஒம்பது? ஆபீசர். நம்பரு ஏற ஏற ஆளு பெருசு. குண்டும் அப்படித்தான்லா."

சபை மெய்சிலிர்த்தது. நவமணி பெட்டிகளை எட்டிப் பார்த்தாள். ஒன்பதில் குருவிப் படம். நாலில் காட்டுக்கோழி. நம்பரில்லாததில் கோரைப்பல்லோடு ஒரு பன்றி.

"அண்ணே, ஒம்பதுல குருவி போட்டிருக்கே?"

"அது வேகம்மா. குருவி கணக்கா பறக்கும்."

"இதுல பன்னி இருக்கு."

"பன்னி கணக்கா ஆடி அசைஞ்சு போவும். நமக்கு எதுக்கு?"

"கடைக்காரன்கிட்ட ஒரு வார்த்த கேட்டா என்னவாம்?"

"தலைவர் போயி கடைக்காரன்கிட்ட பாடம் கேக்குறதா?" சுகுமாரன் பதறிப்போனார். "குழுவோட மரியாத என்னாவுறது?"

துப்பாக்கி தலைவரிடம், தக்காளி அவளிடம். நவமணி பின்வரிசைக்குப் போய் உட்கார்ந்தாள்.

ஒன்பதாம் நம்பர் ஏகமனதாகத் தேர்வாயிற்று. அடுத்து, இன்னும் சாகாத பன்றியின் தொடை தலைவருக்கும் ஈரல் செயலாளருக்கும் ஒதுக்கப்பட்டன. மனுதாரர் நவமணியின் பங்கு 'பரிசீலிக்கப்படும்'.

மறுநாள் பொழுது சாய்கையில் பன்றி நேரந்தவறாமல் வந்து கூடாரத்தின் முன் நின்றது. குழுதான் சற்றுத் தாமதம். தலைவருடைய கோட்டுக்கு இஸ்திரி ஆகவில்லை. வந்து சேர்ந்ததும் அவர் குறி பார்த்தார். சுட்டார்.

தோட்டா சாத்திரத்தில் எண் ஏற ஏற உள்ளிருக்கும் ஈயமணி சிறுக்கும் என்கிற பேருண்மை அப்போதுதான் வெளிப்பட்டது. ஒன்பது, குருவிக்கு. நாலு, காட்டுக்கோழிக்கு. பன்றிக்கு உரியதோ, கொண்டைக்கடலை பருமனில் குண்டுகளை வயிற்றில் வைத்துக்கொண்டு மண்டபத்து ஓரத்தில் கிடந்த அந்த நம்பரில்லாத அநாதை. ஒன்பதுக்குள் இருந்தது நூற்றுக்கணக்கான கடுகு. யாரோ அட்சதை தூவியதுபோல் பன்றி தலையை ஒரு முறை உதறிக்கொண்டு, ஆசி பெற்ற மாப்பிள்ளையாகத் தேயிலைக்குள் போய் மறைந்தது.

துப்பாக்கி உதைத்ததில் மல்லாந்த தலைவர், இரண்டாவது குழலைக் கூடாரத்துக் கூரைக்கு வழங்கினார்.

அன்றிரவே மழை பிடித்தது. கேமரன் மழைக்கு ஓட்டை காட்டினால் போதும். வாரக் கடைசியில் நவமணி அள்ளிக் கொட்டியது தக்காளி அல்ல, கஞ்சி.

தின்ன எதுவும் மிச்சமில்லாத அந்த நிலத்துக்குப் பன்றி அப்புறம் வரவில்லை. குழு இதை 'முழு வெற்றி' என்று அறிவித்தது. ஞாயிற்றுக்கிழமை பாராட்டு விழா. மைக், மாலை, படம் பிடிப்பவர் எல்லாம் வந்தாயிற்று.

"பயனாளி சகோதரி நவமணி, தலைவருக்கு இப்போது பொன்னாடை போர்த்துவார்!" என்று சுகுமாரன் முழங்கினார்.

நவமணி மேடையேறினாள். பையிலிருந்து ஒன்றை எடுத்து உதறி, தலைவரின் தோளில் பணிவாகப் போர்த்தினாள். கூடாரத்துக் கூரை. மேடை விளக்கு பின்னாலிருந்து அடிக்க, பிளாஸ்டிக் முழுக்கப் புள்ளி புள்ளியாக ஜரிகை மின்னியது. பழக்க தோஷத்தில் சபை கைதட்டியது. தலைவரும் படத்துக்காகச் சிரித்துவிட்டார்.

அவள் மைக்கை இழுத்துப் பிடித்தாள்.

"பன்னிகூட கெழங்கோட நிறுத்திக்கிச்சுலா. தக்காளியையும் சேத்து முடிச்ச நம்ம தலைவருக்கு, ஏதோ என்னால ஆனது."